உரைகல் உங்கள் கையில்

மாணவ நண்பர்களே, வாரச் சந்தைக்கு அம்மாவுடன் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். அம்மா வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பார். முருங்கைக்காயை முறுக்கிப் பார்ப்பார். தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். பிறகு சுண்டியும் பார்ப்பார். கடைக்காரர் முகம் சுளித்தாலும் கவலைப்பட மாட்டார். கண், காது, மூக்கு, விரல் ஆகிய நான்கும் அவருடைய ஆய்வுக் கருவிகள். அவற்றில் தேறிய பொருள்தான் பையில் ஏறும்.

அதே அம்மா இப்போது கைப்பேசியில் இணையச் சந்தையைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே பொருள் இல்லை. பொருளின் படம்தான் இருக்கிறது. படத்தை ஒடித்துப் பார்க்க முடியுமா? சுண்டிப் பார்க்க முடியுமா? முடியாது. படத்துக்குக் கீழே விற்பவர் எழுதிய சில வரிகளும் சில எண்களும் இருக்கும். அவற்றை நம்பித்தான் பணம் கட்ட வேண்டியிருக்கிறது.

அந்த எண்கள் பொய்யாக இருந்தால் என்ன செய்வது? ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்துவிடாதீர்கள். எண் என்று ஒன்று வந்துவிட்டால் அதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். தட்டான் பொன்னை உரைத்துப் பார்க்கும் உரைகல்லைப் போல, உங்கள் பள்ளி இயற்பியல் புத்தகமே இதற்கு ஓர் உரைகல். மூன்று பொருள்களை அதில் உரைத்துப் பார்ப்போம். மூன்றும் மாணவர்கள் அதிகம் வாங்குபவை. போலிகளும் அதிகம் உலவுபவை.

போலி எவ்வளவு?

முதலில் ஒரு செய்தி. அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் ஒரு சோதனை நடத்தி, அதன் முடிவை 2018-ல் வெளியிட்டது. அதன் அலுவலர்கள் சாதாரண வாடிக்கையாளர்களைப் போலவே புகழ்பெற்ற இணையச் சந்தைகளில், அங்கே கடை விரித்திருந்த தனி வணிகர்களிடமிருந்து 47 பொருள்களை வாங்கினார்கள். பிறகு அவற்றை அந்தந்த நிறுவனங்களிடம் காட்டி உண்மையானவையா என்று கேட்டார்கள். 47-ல் 20 போலி! காலணிகள் 15-ம் உண்மையானவை. ஒப்பனைப் பொருள்கள் 13-ல் பதின்மூன்றும் போலி. குடிகலங்கள் 9-ல் 6 போலி. சார்ஜர்கள் 10-ல் ஒன்று போலி.

47 என்பது சிறிய எண்ணிக்கை. ஆகவே இணையத்தில் விற்பதில் பாதி போலி என்று இதிலிருந்து முடிவு கட்டுவது தவறு. ஆனால் புகழ்பெற்ற சந்தையில் வாங்கினோம் என்பது மட்டுமே பொருள் உண்மையானது என்பதற்குச் சான்று ஆகாது என்பது தெளிவாகிறது. சந்தை ஒருவருடையது, அதில் கடை போட்டிருப்பவர் வேறொருவர்.

நாற்பது பக்க நோட்டுப் புத்தகம்

முதல் பொருள் பென் டிரைவ் அல்லது மெமரி கார்டு.

சில நூறு ரூபாய்க்கு 2 டெராபைட் பென் டிரைவ் என்று ஒரு விற்பனைப் பக்கம் சொல்கிறது. வாங்கிக் கணினியில் செருகுகிறீர்கள். கணினியும் 2 டெராபைட் என்றே காட்டுகிறது. கணினியே சொன்ன பிறகு சந்தேகம் எதற்கு என்றுதானே தோன்றும்? சூழ்ச்சி அங்கேதான் இருக்கிறது.

பென் டிரைவுக்குள் இரண்டு முக்கிய உறுப்புகள் உண்டு. ஒன்று, தகவலைத் தேக்கி வைக்கும் நினைவகச் சில்லு. மற்றொன்று, அதை நிர்வகிக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு. உன் கொள்ளளவு என்ன என்று கணினி கேட்கும்போது பதில் சொல்வது இந்தக் கட்டுப்பாட்டுச் சில்லுதான். கணினி அறைக்குள் எட்டிப் பார்ப்பதில்லை; வாயிற்காவலன் சொல்வதை அப்படியே நம்பிவிடுகிறது. போலி செய்பவர்கள் இந்தச் சில்லில் உள்ள நிரலை மாற்றி, பொய் சொல்லப் பழக்கிவிடுகிறார்கள். உள்ளே இருப்பது 16 கிகாபைட்டாக இருக்கலாம். வெளியே சொல்வது 2,000 கிகாபைட்.

நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தின் அட்டையில் 2,000 பக்கங்கள் என்று ஒட்டியிருப்பதாக எண்ணிப் பாருங்கள். நாற்பது பக்கம் வரை எழுதும்போது எந்தக் குறையும் தெரியாது. நாற்பத்தொன்றாம் பக்கம் எழுத வரும்போது என்ன ஆகும்? சில போலிகளில் மறுபடியும் முதல் பக்கத்துக்கே போய், முன்பு எழுதியதன் மேலேயே எழுதும். வேறு சிலவற்றில் எழுதுவது போலப் பாவனை மட்டும் நடக்கும்; எதுவும் பதியாது. இரண்டிலும் பிழை என்று ஒரு எச்சரிக்கையும் வராது.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. கோப்புகளின் பெயர்ப் பட்டியல் பெரும்பாலும் நினைவகத்தின் தொடக்கப் பகுதியில் இருக்கிறது. அது அழியாமல் இருந்துவிட்டால் கோப்புகள் எல்லாம் பத்திரமாக இருப்பது போலவே தோன்றும். பெயர் இருக்கும், திறந்தால் உள்ளே ஒன்றும் இராது. உங்கள் அக்காவின் திருமணப் படங்களை இப்படி ஒரு கார்டில் போட்டு வைத்து, கைப்பேசியில் இருந்தவற்றை இடம் போதவில்லை என்று அழித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்துப் பாட்டிக்குக் காட்டத் திறக்கும்போதுதான் உண்மை தெரியும். கார்டின் விலையைத் திரும்பப் பெற்றாலும் படங்களைத் திரும்பப் பெற முடியாது.

இதை எப்படி உரைத்துப் பார்ப்பது? வழி மிக எளியது: புத்தகம் முழுவதையும் எழுதி நிரப்புங்கள்; பிறகு முதல் பக்கத்திலிருந்து படித்துப் பாருங்கள். இந்த வேலையைச் செய்ய எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 என்னும் இலவச நிரல்கள் இருக்கின்றன. கார்டு நிரம்பும் வரை தெரிந்த தகவலை எழுதி, அதைத் திரும்பப் படித்து, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று அவை பார்க்கும். 64 கிகாபைட் கார்டு வினாடிக்கு 20 மெகாபைட் வேகத்தில் எழுதினால், நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும்? 64,000-ஐ 20-ஆல் வகுத்தால் 3,200 வினாடி; ஏறத்தாழ 53 நிமிடம். படிப்பதற்கும் நேரம் ஆகும். பொறுமை வேண்டும். கார்டு வந்த அன்றே, அதில் உங்கள் கோப்பு எதையும் போடுவதற்கு முன்பே, இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகு கண்டுபிடித்துப் பயன் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. 64 கிகாபைட் என்று எழுதிய நல்ல கார்டைக்கூடப் பல கணினிகள் 59.6 என்றே காட்டும். உடனே போலி என்று கூச்சலிட்டுவிடாதீர்கள்! தயாரிப்பாளர் ஒரு கிகாபைட்டை 100,00,00,000 பைட் என்று எண்ணுகிறார். கணினி 1,07,37,41,824 பைட் என்று, அதாவது இரண்டின் முப்பதாம் அடுக்காக, எண்ணுகிறது. 64-ஐ 1.0737-ஆல் வகுத்துப் பாருங்கள், 59.6 வரும். இது ஏமாற்று அன்று; அலகு வேறுபாடு மட்டுமே. போலியைப் பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. நல்லதைப் போலி என்று தூற்றாமல் இருக்கவும் தெரிய வேண்டும்.

தராசு சொல்லும் உண்மை

இரண்டாவது பொருள் பவர் பேங்க். இதன் பெட்டியில் 10,000 அல்லது 20,000 எம்.ஏ.எச். என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். எம்.ஏ.எச். என்றால் மில்லி ஆம்பியர் மணி. ஆயிரம் மில்லி ஆம்பியர் மணி சேர்ந்தது ஓர் ஆம்பியர் மணி. இது மின்னூட்டத்தின் அளவு. ஆற்றலின் அளவு அன்று. ஆற்றல் வேண்டுமானால் மின்னழுத்தத்தால் பெருக்க வேண்டும். பவர் பேங்குக்குள் இருக்கும் லித்தியம் அயனி மின்கலத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 3.7 வோல்ட். ஆகவே,

20 ஆம்பியர் மணி × 3.7 வோல்ட் = 74 வாட் மணி.

ஆனால் பவர் பேங்க் சாதாரணமாக வெளியே தருவது 5 வோல்ட். 74-ஐ 5-ஆல் வகுத்தால் 14.8 ஆம்பியர் மணி, அதாவது 14,800 மில்லி ஆம்பியர் மணிதான் வருகிறது. மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்றில் கொஞ்சம் வெப்பமாகவும் வீணாகிறது. ஆகவே 20,000 என்று எழுதிய நேர்மையான பவர் பேங்க்கூட 5,000 மில்லி ஆம்பியர் மணி உள்ள கைப்பேசியை நான்கு முறை நிரப்பாது. ஏறத்தாழ மூன்று முறை நிரப்பும். நேர்மையான தயாரிப்பாளர் இந்தக் குறைந்த எண்ணையும் சிறிய எழுத்திலாவது அச்சிட்டிருப்பார்.

இப்போது உரைகல்லை எடுப்போம். இன்றைய நல்ல லித்தியம் அயனி மின்கலம் ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 250 வாட் மணி ஆற்றலைத் தேக்க வல்லது. எடை இல்லாமல் ஆற்றல் இல்லை. ஏனென்றால் ஆற்றலைத் தேக்குவது மின்கலத்தில் உள்ள வேதிப்பொருள்தான்.

ஒரு விற்பனைப் பக்கம் 50,000 மில்லி ஆம்பியர் மணி என்கிறது. கீழே சிறு எழுத்தில் எடை 250 கிராம் என்றும் சொல்கிறது. கணக்கிடுங்கள். 50 × 3.7 = 185 வாட் மணி. இதற்கு வேண்டிய மின்கலத்தின் எடை 185 ÷ 250 = 0.74 கிலோ. அதாவது மின்கலம் மட்டுமே 740 கிராம்! கிலோவுக்கு 300 வாட் மணி தரும் மிகச் சிறந்த மின்கலத்தைப் போட்டாலும் 600 கிராமுக்கு மேல் ஆகும். 250 கிராமில் அது அடங்காது. விற்பனைப் பக்கம் தன் பொய்யைத் தானே காட்டிக் கொடுத்துவிட்டது. இதைக் கண்டுபிடிக்க நமக்கு வேண்டியிருந்தது ஒரு பெருக்கலும் ஒரு வகுத்தலும்தான்.

பொருள் வீட்டுக்கு வந்துவிட்டதா? தெருமுனை மளிகைக் கடைத் தராசில் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள்.

டார்ச் விளக்குகளுக்கும் மின்விசிறிகளுக்கும் தனியாக விற்கும் உருளை வடிவ மின்கலங்களிலும் இதே கதைதான். 18650 என்று அதற்குப் பெயர். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதையே அந்த எண் குறிக்கிறது. அந்த அளவுள்ள உருளையில் நல்ல தயாரிப்பாளர்கள் ஏறத்தாழ 3,500 மில்லி ஆம்பியர் மணியை அடக்குகிறார்கள். மிகச் சில 4,000-ஐ எட்டலாம். ஆனால் 9,900 என்று அச்சிட்ட மின்கலங்கள் இணையச் சந்தையில் கிடைக்கின்றன. உருளை அதேதான், உறையின் மேல் உள்ள எண் மட்டும் வளர்ந்திருக்கிறது.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. போலி செய்பவர்களுக்கும் தராசு தெரியும். எடை காட்டுவதற்காக உள்ளே மணலை அடைத்த பவர் பேங்குகளும் பிடிபட்டுள்ளன. ஆகவே எடை குறைந்தால் பொய் என்பது உறுதி. எடை சரியாக இருந்தால் உண்மை என்பது உறுதி அன்று. பொய் இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டவர் அறிவியலின் ஒரு பெரிய பாடத்தைப் புரிந்துகொண்டவர்.

நம்மால் சோதிக்க முடியாத பொருள்

மூன்றாவது பொருள் கைப்பேசியின் சார்ஜர். இதில் ஏமாந்தால் போவது பணம் மட்டும் அன்று, உயிரும் போகலாம்.

சுவர்ப் பலகையில் வருவது 230 வோல்ட். கைப்பேசிக்கு வேண்டியது 5 வோல்ட் போன்ற சிறிய மின்னழுத்தம். இடையில் சார்ஜருக்குள் ஒரு சிறிய மின்மாற்றி இருக்கிறது. மின்மாற்றியில் முதன்மைச் சுருள், துணைச் சுருள் என இரண்டு உண்டு என்று படித்திருப்பீர்கள். இரண்டுக்கும் இடையே கம்பித் தொடர்பு கிடையாது. காந்தப் புலம் வழியாகவே ஆற்றல் கடக்கிறது. அந்தப் பிரிவினைதான் உங்கள் கையைக் காப்பாற்றும் சுவர். நல்ல சார்ஜரில் சுருள்களுக்கு இடையே தரமான காப்புப் பட்டைகளைப் பல அடுக்காகச் சுற்றுவார்கள். சுற்றுப் பலகையில் உயர் மின்னழுத்தப் பகுதிக்கும் தாழ் மின்னழுத்தப் பகுதிக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி விடுவார்கள். இந்தக் காப்பும் இடைவெளியும் வெளியே தெரிவதில்லை. போலி செய்பவர் காசை மிச்சப்படுத்துவது அங்கேதான். காப்பு உடைந்தால் 230 வோல்ட் நேராகக் கைப்பேசிக்கும், அதைப் பிடித்திருக்கும் கைக்கும் வந்துவிடும்.

யூ.எல். என்னும் பாதுகாப்புச் சோதனை நிறுவனம் 2016-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஒரு புகழ்பெற்ற கைப்பேசியின் பெயரில் பல நாடுகளில் விற்ற 400 போலிச் சார்ஜர்களை அது சோதித்தது. சோதனைகளில் தேறியவை எத்தனை தெரியுமா? மூன்றே மூன்று! 12 சார்ஜர்கள், தொடுபவர் உயிரைப் பறிக்கக்கூடிய அளவுக்கு மோசமாக அமைந்திருந்தன.

இந்தச் சோதனையை நாம் வீட்டில் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. சார்ஜரைப் பிரித்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். இங்கே நமக்காக வேறொருவர் உரைத்துப் பார்த்திருக்க வேண்டும். இந்தியாவில் கைப்பேசிச் சார்ஜரும் பவர் பேங்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவு செய்த பிறகே விற்கப்பட வேண்டியவை. பொருளின் மேல் அமைவனத்தின் முத்திரையும், ஆங்கில எழுத்து ஆர்-இல் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும்.

முத்திரையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாமே என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. அதனால்தான் முத்திரையைப் பார்த்ததோடு நிற்கக் கூடாது. அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் என்னும் கைப்பேசிச் செயலியில் அந்தப் பதிவு எண்ணை இட்டுப் பாருங்கள். எந்தத் தயாரிப்பாளர், எந்தப் பொருள், எந்தப் பெயர் என்ற விவரம் வரும். அது உங்கள் கையில் இருக்கும் பொருளோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். சார்ஜருக்கு வாங்கிய எண் ஒலிபெருக்கியுடையது என்று வந்தால் சங்கதி புரிந்துவிடும்.

நட்சத்திரங்களை நம்பலாமா?

இத்தனை பேர் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்களே, ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். நட்சத்திரத்தைப் பார்ப்பதோடு, அது எந்தப் பொருளுக்குக் கிடைத்தது என்றும் பாருங்கள். ஒரு பொருள் நன்றாக விற்றுப் பாராட்டு வாங்கியதும், அதே பக்கத்தோடு வேறொரு பொருளை இணைத்துவிடும் தந்திரம் உண்டு. பழைய பொருளின் பாராட்டெல்லாம் புதிய பொருளுக்கு வந்து சேரும். இப்படிச் செய்ததாக வைட்டமின் மாத்திரை விற்கும் ஒரு நிறுவனத்தின் மீது அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 2023-ல் நடவடிக்கை எடுத்து, 6 இலட்சம் டாலர் செலுத்த வைத்தது. சார்ஜர் பக்கத்தில் வாசகர்கள் துணி மிருதுவாக இருக்கிறது என்று எழுதியிருந்தால் காரணம் இதுதான்!

நம் நாட்டிலும் இணையத்தில் வெளியாகும் வாடிக்கையாளர் கருத்துகளை எப்படித் திரட்ட வேண்டும், எப்படி வெளியிட வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-ல் ஒரு தரநிலையை வகுத்தது. இந்தியத் தரநிலை 19000 என்பது அதன் எண்.

ஐந்து நட்சத்திரக் கருத்துகளைவிட ஒன்று, இரண்டு நட்சத்திரக் கருத்துகளைப் படியுங்கள். அளந்து பார்த்து எண்ணோடு எழுதியவரின் ஒரு வரி, சூப்பர் என்று எழுதிய நூறு பேரின் வரிகளைவிட மதிப்புள்ளது.

ஏமாந்துவிட்டால்?

வெட்கப்பட்டு மூலையில் போட்டுவிடாதீர்கள். பலர் அப்படிப் போட்டுவிடுவதால்தான் போலி வணிகம் தழைக்கிறது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விற்பவர் யார், பொருள் எந்த நாட்டில் ஆனது என்பதை இணையச் சந்தை வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும். ஒவ்வொரு சந்தைக்கும் ஒரு குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். அவர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம்.

புகாரில் மோசம், ஏமாற்றிவிட்டார்கள் என்று மட்டும் எழுதாதீர்கள். விற்பனைப் பக்கத்தின் படம், ரசீது, பார்சலைப் பிரிக்கும்போது எடுத்த காணொளி, தராசில் கண்ட எடை, நீங்கள் போட்ட கணக்கு ஆகியவற்றை இணையுங்கள். கோபத்துக்கு மறுப்புச் சொல்லலாம். அளவுக்கு மறுப்புச் சொல்வது கடினம்.

இன்று மாலை வீட்டில் இருக்கும் சார்ஜரை எடுத்து, அதன் மேல் உள்ள சிறிய எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். அடுத்த முறை அப்பாவோ அம்மாவோ இணையத்தில் ஏதேனும் வாங்கும்போது, பணம் கட்டும் முன் பக்கத்தில் அமர்ந்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்கள். வெண்டைக்காயை ஒடித்துப் பார்க்கக் கற்றவர்கள் அவர்கள். எண்ணை உரைத்துப் பார்க்க நீங்கள் அவர்களுக்குக் கற்றுக் கொடுக்கலாம் அல்லவா?

செய்து பாருங்கள்

ஒரு பவர் பேங்க் 30,000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவும் 210 கிராம் எடையும் உள்ளது என்று விளம்பரம் சொல்கிறது. (1) இது உண்மையாக இருக்க முடியுமா? (2) 100 வாட் மணி வரையுள்ள மின்கலத்தையே தனி அனுமதி இல்லாமல் விமானத்தில் கையோடு கொண்டு செல்லலாம். விளம்பரம் உண்மையானால் இதைக் கொண்டு செல்லலாமா?

விடை: (1) 30 × 3.7 = 111 வாட் மணி. கிலோவுக்கு 250 வாட் மணி என்று கொண்டால் மின்கலம் மட்டுமே 444 கிராம் இருக்க வேண்டும். ஆகவே விளம்பரம் பொய். (2) 111 என்பது 100-ஐ விட அதிகம். ஆகவே அனுமதி இல்லாமல் கொண்டு செல்ல முடியாது.